ஏழாம் வகுப்பு இங்கிலீஷ்: கடகடவென்று வாசிக்கிறார்கள், என்ன வாசித்தாய் என்றால் முழிக்கிறார்கள்

மஞ்சக்காட்டு வாத்தியார்

வணக்கமுங்க. கோபி பக்கத்தில் ஒரு ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஆறு, ஏழு, எட்டு மூன்றுக்கும் இங்கிலீஷ் நான்தான் எடுக்கிறேன். இப்போது கேட்பது ஏழாம் வகுப்பைப் பற்றி. பாதிப் பேர் பாடத்தைத் தடையில்லாமல் சத்தமாக வாசித்துவிடுகிறார்கள், வெளியாள் யாராவது வந்து நின்று கேட்டால் பரவாயில்லையே என்று பாராட்டிவிட்டுப் போவார். வாசித்து முடித்த கையோடு "இதில் என்னப்பா நடந்தது?" என்று கேளுங்கள், தரையைப் பார்ப்பார்கள். ஆனால் பாடத்துக்குப் பின்னால் இருக்கிற கேள்விகளுக்கு மட்டும் பதில் வந்துவிடுகிறது. எப்படி என்று கவனித்தால், கேள்வியில் இருக்கிற இரண்டு சொல்லைப் பாடத்தில் தேடிப் பிடித்து, அந்தச் சொல் இருக்கிற வரியை முழுசாக இறக்கி வைத்துவிடுகிறார்கள்.

மீதிப் பேரில் சிலர் ஒவ்வொரு இங்கிலீஷ் சொல்லுக்கு மேலேயும் பென்சிலில் தமிழில் உச்சரிப்பை எழுதி வைத்துக்கொண்டு அதை வாசிக்கிறார்கள். இங்கிலீஷ் எழுத்தின் பக்கமே கண் போவதில்லை.

எழுதுவது இன்னும் மோசம். நான் போர்டில் எழுதுவதுதான் அவர்கள் கட்டுரை. லீவ் லெட்டர் எழுதச் சொன்னால் வகுப்பு முழுக்க ஒரே தேதியில் ஒரே காய்ச்சல். "நீ என்ன நினைக்கிறாய், ஏன் அப்படி நினைக்கிறாய்" என்கிற கேள்விக்கு மட்டும் பதிலே கிடையாது. இதே பிள்ளைகள் பக்கத்து ஊருக்குப் போய்க் கபடியில் தோற்று வந்தால், யாரால் தோற்றோம், எந்த ரெய்டில் தப்பு நடந்தது என்று வீடு போய்ச் சேரும் வரை வாதாடுகிறார்கள். யோசிக்கத் தெரியாத பிள்ளைகள் என்று எப்படிச் சொல்வது?

மார்க்கில் பிரச்சினை இல்லைங்க. வகுப்பிலேயே அவ்வப்போது போடுகிற வளரறி மதிப்பீடு 40, பருவ முடிவுத் தேர்வான தொகுத்தறி 60 எல்லாம் எப்படியோ ஒப்பேறிவிடும், அதனால் யாரும் என்னைக் கேள்வி கேட்கப் போவதும் இல்லை. பருவத்துக்கு இத்தனை பாடம் முடிக்க வேண்டும், அதையும் விட முடியாது. இதற்குள் புரிந்து வாசிக்கவும், சொந்தமாக நாலு வரி எழுதவும், ஒன்றைக் கேள்வி கேட்டுப் பார்க்கவும் பழக்க வேண்டும். எங்கிருந்து ஆரம்பிப்பது? பயிற்சி வகுப்பில் கொடுக்கிற பொதுவான அறிவுரை வேண்டாம், வகுப்பில் செய்து பார்த்தவர்கள் சொல்லுங்க.

---

தாராபுரத்தான்

தம்பி, நான் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். நீங்கள் ஒரு நோய் மாதிரி எழுதியிருப்பது இரண்டு நோய், அதை முதலில் பிரிக்கணும். பிரிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. பிள்ளைகள் பார்த்திராத ஒரு சின்னப் பத்தியை எடுங்கள், ஏழாம் வகுப்புப் பாடம் வேண்டாம், அஞ்சாம் வகுப்பு அளவில் இருக்கட்டும். முதலில் ஒவ்வொருவரையும் தனியாக வாசிக்க வைத்து, என்ன புரிந்தது என்று தமிழில் கேளுங்கள். அப்புறம் அதே அளவில் வேறு ஒரு பத்தியை நீங்களே நிதானமாக வாசித்துக் காட்டி, அதையும் தமிழில் கேளுங்கள். நீங்கள் வாசித்தால் புரிகிறது, அவன் வாசித்தால் புரியவில்லை என்றால் அந்தப் பிள்ளைக்குச் சிக்கல் எழுத்துக்கூட்டுவதில். நீங்கள் வாசித்தும் புரியவில்லை என்றால் சொல்லும் பொருளும் போதவில்லை, அவனைப் போய் எழுத்துக்கூட்ட வைத்துப் பயனில்லை.

கஃப், டன்மர் என்று இரண்டு பேர் 1986-இல் இதைத்தான் ஒரு பெருக்கல் கணக்காகச் சொன்னார்கள். எழுத்துக்கூட்டும் திறன் ஒரு பக்கம், மொழியைக் கேட்டுப் புரிந்துகொள்கிற திறன் ஒரு பக்கம், இரண்டையும் பெருக்கினால் வருவதுதான் புரிந்து வாசிப்பது. பெருக்கல் என்பதால் ஒன்று சைபராக இருந்தால் விடையும் சைபர்தான். உங்கள் கடகட கோஷ்டிக்கு முதலாவது இருக்கிறது, இரண்டாவது இல்லை. பென்சில் கோஷ்டிக்கு முதலாவதே இல்லை. இவர்கள் ரெண்டு பேருக்கும் ஒரே பாடம் ஒரே மாதிரி எடுத்தால் இருவருக்கும் நஷ்டம்.

பென்சில் கோஷ்டியைத் திட்ட வேண்டாம். தமிழில் எழுத்தைப் பார்த்தால் ஒலி வந்துவிடும், அப்படிப் பழகிய பிள்ளை இங்கிலீஷில் ஒரே எழுத்து நாலு விதமாக ஒலிப்பதைப் பார்த்து மிரண்டு, தனக்குத் தெரிந்த எழுத்துக்கு ஓடுகிறது. அதைத் தடை செய்வதற்கு முன்னால் வேறு வழி கொடுக்கணும். தினமும் வகுப்பு ஆரம்பத்தில் பத்து நிமிஷம் எழுத்தையும் ஒலியையும் சேர்த்துச் சொல்லிப் பழக்குங்கள், ஒரே மாதிரி முடிகிற சொற்களாக எடுத்து. அப்புறம் ஒரு ஐம்பது அறுபது சொல் உள்ள பத்தியை ஜோடி ஜோடியாகத் திரும்பத் திரும்ப வாசிப்பது. ஒரே பத்தியை நாலு தடவை வாசித்தால் நாலாவது தடவை எழுத்தோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்காது, அர்த்தத்தின் பக்கம் மனசு போகும். ஆறிலிருந்து ஒன்பது வரைக்கும் பின்தங்கிய பிள்ளைகளுக்காக அரசு கொடுக்கிற 'திறன்' திட்டப் பயிற்சிப் புத்தகம் உங்களிடமும் இருக்கும், அதைக் கடனே என்று நிரப்பாமல் இதற்குப் பயன்படுத்துங்கள்.

கடகட கோஷ்டிக்கு ஒரு விளையாட்டுச் சொல்கிறேன். போர்டில் தமிழில் இதை எழுதுங்கள், அர்த்தமே இல்லாத சொற்களை வேண்டுமென்றே கலந்திருக்கிறேன்: "சிமிழன் நேற்றுப் பெருந்துறைச் சந்தையில் இரண்டு குறளிப்பான்களைத் தவட்டினான்." கீழே கேள்வி: சிமிழன் எதைத் தவட்டினான்? எங்கே தவட்டினான்? எத்தனை தவட்டினான்? எல்லாரும் முழு மார்க் வாங்குவார்கள். அப்புறம் கேளுங்கள், "சரி, தவட்டியது நல்ல காரியமா கெட்ட காரியமா?" வகுப்பே சிரிக்கும். இத்தனை நாளும் பாடத்துக்குப் பின்னால் இருக்கிற கேள்விக்கு எப்படிப் பதில் எழுதினோம் என்று அவர்களுக்கே அப்போதுதான் தெரியும். உபதேசத்தைவிட இது வேலை செய்யும்.

---

நெகமத்து டீச்சர்

தாராபுரத்து ஐயா சொன்ன விளையாட்டை நாளைக்கே செய்யப் போகிறேன். நான் எழுத்துப் பக்கத்துக்கு மட்டும் வருகிறேன். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு மெட்ரிக் பள்ளியில் எட்டாம் வகுப்பு எடுக்கிறேன். மெட்ரிக் என்றதும் பிள்ளைகள் இங்கிலீஷில் விளாசுவார்கள் என்று நினைக்காதீர்கள். பேச்சில் கொஞ்சம் தைரியம் இருக்கும், எழுத்தில் உங்கள் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும் ஒன்றுதான், என்ன, எங்களுடையது இன்னும் நீளமாகக் காப்பி அடித்திருக்கும்.

கட்டுரையை நிறுத்துங்கள் சார். கொஞ்ச காலத்துக்குப் பத்தியையும் நிறுத்துங்கள். ஒரே ஒரு வாக்கியம். வாக்கியத்தின் முதல் பாதியை நீங்கள் கொடுங்கள், மீதியைப் பிகாஸ், பட், ஸோ மூன்றையும் போட்டு மூன்று விதமாக அவர்கள் முடிக்கணும். உங்கள் ஊருக்கு ஏற்ற மாதிரி ஒன்று: விவசாயி இந்த வாரம் மஞ்சளை விற்கவில்லை. பிகாஸ் போட்டால் காரணம் வேண்டும், விலை இறங்கிவிட்டது என்பான். பட் போட்டால் எதிர்ப்பக்கம் திரும்ப வேண்டும், ஆனால் வங்கிக் கடனுக்குத் தேதி வந்துவிட்டது என்பான். ஸோ போட்டால் விளைவு, அதனால் மூட்டை குடோனிலேயே இருக்கிறது. மூன்று வாக்கியமும் எழுதி முடிக்கும்போது அந்தப் பிள்ளை ஒரு விஷயத்தை மூன்று கோணத்தில் பார்த்துவிட்டது, அதை யோசனை என்று யாரும் அதற்குச் சொல்லிக்கூடத் தரவில்லை. முதலில் வாயால் தமிழில் சொல்லட்டும், தேவையான சொற்களை நீங்கள் போர்டில் ஓரமாக எழுதிப் போடுங்கள், அப்புறம் இங்கிலீஷில் எழுதட்டும்.

பாடத்துக்கும் இதே உத்தி பொருந்தும். பாடத்தில் வருகிற ஏதாவது ஒரு பாத்திரம் செய்த காரியத்தை எடுத்து முதல் பாதியாகக் கொடுத்தால், கதை புரியாமல் பட் வாக்கியத்தை முடிக்கவே முடியாது. கதை புரிந்ததா என்று சோதிக்க வேறு கேள்வித்தாள் வேண்டாம்.

இன்னொன்று, திருத்துவது. சிவப்பு மையால் எல்லாத் தப்பையும் சுழித்துக் கொடுத்தால் அடுத்த முறை தப்பே வராது, ஏனென்றால் அடுத்த முறை அவன் எழுதவே மாட்டான், பக்கத்துப் பையனுடையதைத்தான் எழுதுவான். வாரத்துக்கு ஒரு விஷயம் மட்டும் திருத்துங்கள். இந்த வாரம் இறந்தகாலம் என்றால் இறந்தகாலம் மட்டும், ஸ்பெல்லிங் எப்படி இருந்தாலும் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். அதிகாரி நோட்டைப் பார்த்தால் என்ன செய்வது என்று கேட்பீர்கள். நோட்டின் மேலேயே "இந்த வாரம் திருத்துவது: இறந்தகாலம்" என்று எழுதிவிடுகிறேன், இதுவரை யாரும் ஒன்றும் சொன்னதில்லை.

---

செக்கிங் செக்‌ஷன் அக்கா

நான் டீச்சர் இல்லைங்க, திருப்பூரில் பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. என் பையன் ஆறாவது படிக்கிறான். உங்கள் பேச்சைப் படித்துக்கொண்டே வந்தேன், தமிழில் கேளுங்கள், தமிழில் சொல்லட்டும் என்று எல்லாரும் எழுதியிருக்கிறீர்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. நாங்கள் இங்கிலீஷ் வகுப்பில் பிள்ளை நாலு இங்கிலீஷ் வார்த்தை கேட்கட்டும் என்றுதானே அனுப்புகிறோம்? வீட்டில் கேட்க வழி இல்லை, தெருவில் இல்லை, டியூஷனிலும் அந்த அக்கா தமிழில்தான் சொல்லிக்கொடுக்கிறது. பள்ளிக்கூடத்திலும் தமிழ் என்றால் அவன் எங்கேதான் கேட்பான்? எங்கள் லைனில் பாதிப் பேர் கடன் வாங்கித் தனியார் பள்ளிக்கு அனுப்புவது இந்த ஒரு காரணத்துக்காகத்தான், அங்கேயும் பெரிசாக ஒன்றும் நடக்கவில்லை என்பது தெரிந்தும்.

குறை சொல்ல மட்டும் வரவில்லை. எங்கள் கம்பெனியில் வீணாகிப் போன வாஷ் கேர் லேபிள் கட்டுக் கட்டாகக் கிடக்கும், சட்டைக்கு உள்பக்கம் தைப்போமே, அது. அதை வீட்டுக்கு எடுத்து வந்தால் பையன் உட்கார்ந்து வாசிக்கிறான். ஒவ்வொன்றும் மூன்று நாலு வார்த்தைதான், ப்ளீச் போடாதே, நிழலில் காயப்போடு, சூடு குறைவாக இஸ்திரி போடு என்று. பக்கத்திலேயே படமும் இருக்கிறது. ஒரு நாள் கேட்டான், "ஏம்மா சில சட்டையில ப்ளீச் போடலாம்னு இருக்கு, சிலதுல கூடாதுங்குது?" எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன், வெள்ளைத் துணிக்கும் சாயத் துணிக்கும் உள்ள வித்தியாசத்தை. புத்தகத்தை இப்படி வாசிப்பதில்லையே என்று ஆச்சரியமாக இருந்தது. இதெல்லாம் வகுப்பில் பயன்படுமா என்று தெரியவில்லை, தோன்றியது, எழுதிவிட்டேன்.

---

நொய்யல்கரை

அக்கா, பயன்படுமான்னு கேட்கவே வேண்டாம், நம் ஊரில் இதைவிட நல்ல வாசிப்புச் சாமான் கிடைக்காது. லேபிள் கட்டைப் பையனிடமே கொடுத்துப் பள்ளிக்கு அனுப்புங்க.

நானும் திருப்பூரில்தான் எடுக்கிறேன். தமிழில் பேசட்டும் என்பதில் எனக்கு வேறு ஒரு சிக்கல் இருக்கிறது, அதை யாரும் சொல்லவில்லை. எங்கள் வகுப்பில் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த குடும்பத்துப் பிள்ளைகள் இருக்கிறார்கள். நான் தமிழில் கதையை விளக்கினால் இவர்களுக்கு அது இரண்டாவது அந்நிய மொழி. அதனால் நான் விளக்கத்தைக் குறைத்துக்கொண்டு படத்துக்கும் நடிப்புக்கும் போனேன். கதையை ஆறு கட்டமாகப் படம் வரையச் சொல்வேன், ஒவ்வொரு கட்டத்துக்குக் கீழேயும் ஒரு இங்கிலீஷ் வாக்கியம். புரியாமல் படம் வரைய முடியாது, காப்பி அடித்தாலும் ஏன் இந்த ஆள் அழுகிறான் என்று கேட்டால் மாட்டிக்கொள்வார்கள்.

அப்புறம் அக்கா கேட்டதற்கு: பிள்ளை என்ன யோசிக்கிறது என்று தெரிந்துகொள்ளத் தமிழ், வகுப்பை நடத்துகிற பேச்சுக்கு இங்கிலீஷ். உட்கார், பக்கத்தைத் திருப்பு, யார் சொல்கிறீர்கள், ஏன் அப்படி, உனக்கு உடன்பாடா, இதெல்லாம் தினமும் திரும்பத் திரும்ப வருகிற வாக்கியங்கள், இதற்குத் தமிழே வேண்டாம். நம்மில் நிறையப் பேர் தலைகீழாகச் செய்கிறோம், "எல்லாரும் புக் எடுங்கடா" என்பது தமிழில், கதையின் கஷ்டமான பகுதி இங்கிலீஷில்.

---

வாய்க்கால் மேட்டான்

எல்லாரும் நல்ல விதமாகச் சொல்லியிருக்கிறீர்கள், நான் கொஞ்சம் முரண்படுகிறேன். இந்தச் சிந்தனைத் திறன் என்பதைத் தனியாக ஒரு பாடம் போல வைத்துப் பயிற்சி கொடுக்க முடியும் என்கிற நம்பிக்கையே எனக்குக் கிடையாது. மஞ்சக்காட்டு வாத்தியாரின் கேள்வியிலேயே விடை இருக்கிறது. கபடியைப் பற்றி அந்தப் பிள்ளைகள் வாதாடுகிறார்கள் என்றால், கபடி அவர்களுக்குத் தெரியும். பாடத்தில் வருகிற பனிச்சறுக்கும் லைட்ஹவுஸும் தெரியாது. தெரியாத விஷயத்தைப் பற்றி யாராலும் யோசிக்க முடியாது, நானும் நீங்களும் உட்பட.

இதற்கு ஒரு பழைய ஆய்வு இருக்கிறது. 1988-இல் அமெரிக்காவில் ரெக்ட், லெஸ்லி என்கிற இருவர் ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 64 பேரிடம் ஒரு பேஸ்பால் ஆட்டத்தை விவரிக்கிற பத்தியைக் கொடுத்தார்கள். நன்றாக வாசிப்பவர்கள், வாசிப்பில் பின்தங்கியவர்கள், பேஸ்பால் தெரிந்தவர்கள், தெரியாதவர்கள் என்று நாலு பிரிவு. வாசித்த பிறகு ஒரு சின்ன மாதிரி மைதானத்தில் மரப் பொம்மைகளை நகர்த்தி ஆட்டத்தில் என்ன நடந்தது என்று காட்டச் சொன்னார்கள். ஆட்டம் தெரிந்த, வாசிப்பில் பின்தங்கிய பிள்ளைகள், ஆட்டம் தெரியாத கெட்டிக்காரப் பிள்ளைகளைவிட நன்றாகச் செய்தார்கள். பேஸ்பாலை எடுத்துவிட்டுக் கபடியைப் போட்டுக்கொள்ளுங்கள், உங்கள் வகுப்புதான்.

அதனால் நான் சொல்வது, உத்தி உத்தி என்று அலையாமல் விஷயத்தைக் கொடுங்கள். ஒரு மாதம் முழுக்க ஒரே விஷயம். மஞ்சள் என்றால் மஞ்சள்: ஒன்பது மாதப் பயிர், தை மாசிக்கு வெட்டு, வேகவைப்பது, காயவைப்பது, மெருகு போடுவது, விரலி ஒரு விலைக்கும் கிழங்கு ஒரு விலைக்கும் போவது, ஈரோட்டு மஞ்சளுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இதை எளிய இங்கிலீஷில் நாலைந்து பத்தியாக நீங்களே எழுதிக் கொடுத்தால் பாதிச் சொல் அவர்களுக்கு முன்னாலேயே தெரிந்த பொருளின் பெயராக இருக்கும். மூன்றாவது வாரம் அவர்களே கேள்வி கேட்பார்கள், நீங்கள் கேட்க வேண்டியதில்லை.

---

மஞ்சக்காட்டு வாத்தியார்

எல்லாருக்கும் நன்றிங்க. ஐயா சொன்னபடி தனித்தனியாக வாசிக்க வைத்துப் பார்த்தேன், நான் பென்சில் கோஷ்டி என்று நினைத்ததில் இரண்டு மூன்று பேருக்கு நான் வாசித்துக் காட்டினால் நன்றாகவே புரிகிறது, சினிமாவும் கிரிக்கெட் கமென்ட்ரியும் கேட்டுப் பழகியிருக்கிறார்கள். அவர்களை மக்கு பெஞ்சில் உட்கார வைத்திருந்தது யாருடைய முடிவு என்று கேட்காதீர்கள், நான் வருவதற்கு முன்னாலிருந்தே அப்படித்தான். சிமிழன் விளையாட்டும் நடந்தது. இப்போது புத்தகக் கேள்விக்கு யாராவது வரியை அப்படியே எடுத்து எழுதினால் பக்கத்துப் பையன் "டேய், தவட்டாதடா" என்கிறான்.

வாய்க்கால் மேட்டான் சாருக்கு ஒரு கேள்வி. மஞ்சள், கபடி எல்லாம் சரி. அவர்களுக்குத் தெரிந்ததையே கொடுத்துக்கொண்டிருந்தால் தெரியாததுக்கு எப்போது போவது? லைட்ஹவுஸை அவர்கள் எட்டாவதிலும் பார்க்கப் போவதில்லை, ஆனால் பரீட்சையில் வரும். அதோடு, புரிகிறது எழுதுகிறது என்பதற்கு அடுத்து, ஒருவர் சொல்வதை அப்படியே நம்பாமல் பார்ப்பது என்று ஒன்று இருக்கிறதே, அதை எப்படி?

---

வாய்க்கால் மேட்டான்

லைட்ஹவுஸுக்கு முன்னால் பத்து நிமிஷம் ஒதுக்குங்கள். போனில் ஒரு வீடியோ, ரெண்டு படம், கப்பல் ஏன் கரையைப் பார்த்து வர வேண்டும் என்று ஒரு பேச்சு. அப்புறம் பாடம். நிறையப் பேர் பாடத்தை முடித்துவிட்டு வீடியோ காட்டுகிறார்கள், அது பந்தி முடிந்த பிறகு இலை போடுகிற கதை.

---

சென்னிமலையிலிருந்து

கடைசிக் கேள்விக்கு நான் வருகிறேன், நான் இதை எட்டாம் வகுப்பில் செய்திருக்கிறேன். எங்கள் பகுதியில் எல்லா வீட்டிலும் ஓடிக்கொண்டிருந்த சண்டை கீழ்பவானி வாய்க்காலுக்குக் கான்கிரீட் போடுவதா வேண்டாமா என்பது. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், பவானிசாகர் அணை 1955-இல் முடிந்தது, அதிலிருந்து வருகிற இந்த வாய்க்கால் சுமார் 200 கிலோமீட்டர், ஈரோடு, திருப்பூர், கரூர் மாவட்டங்களில் 2.07 லட்சம் ஏக்கர் பாசனம். மண் வாய்க்கால். கான்கிரீட் போட்டால் கசிவு குறைந்து கடைமடைக்குத் தண்ணீர் போய்ச் சேரும் என்று ஒரு தரப்பு. அந்தக் கசிவில்தான் எங்கள் கிணறும் குடிநீரும் கரையிலிருக்கிற மரமும் வாழ்கின்றன என்று இன்னொரு தரப்பு. இரண்டு தரப்பும் விவசாயிகள், சில வீடுகளில் மாமனும் மச்சானும்.

இரண்டு தரப்பு வாதத்தையும் ஆளுக்கு ஐந்தாறு வரியில் எளிய இங்கிலீஷில் நானே எழுதினேன். சீப்பேஜ், கெனால், டெயில் எண்ட், வெல் என்று கொஞ்சம் சொற்கள்தான் புதிது, அதிலும் பாதி அவர்கள் வீட்டிலேயே கேட்டவை. நான் செய்த ஒரே தந்திரம், எந்தத் தரப்பு சரி என்று கேட்கவே இல்லை. உன் வீட்டில் எந்தப் பக்கம் பேசுகிறார்களோ அதற்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கிற மிக வலுவான காரணம் எது, அதை இங்கிலீஷில் ஒரு வாக்கியமாக எழுது என்றேன். இதில் நல்லது என்னவென்றால், அப்பாவை எதிர்த்துப் பேசுகிற மாதிரியும் ஆகாது, ஊர்ச் சண்டை வகுப்புக்குள் வரவும் வராது. அடுத்த நாள், இந்த வரிகளில் சரிபார்க்கக்கூடியது எது, ஒருவருடைய கருத்து எது என்று இரண்டு நிறத்தில் அடிக்கோடு போடச் சொன்னேன். 200 கிலோமீட்டர் என்பது சரிபார்க்கலாம். "தண்ணீர் எல்லாருக்கும் போதும்" என்பதில் பெரிய விவாதம் வந்தது, ஒரு பெண் பிள்ளை அதைச் சரிபார்க்க முடியும், அணையின் நீர்மட்டம் பேப்பரில் வருகிறதே என்றது, ஒரு பையன் போதும் என்பதை யார் முடிவு செய்வது என்று கேட்டான். தமிழில்தான் பேசினார்கள். எழுதும்போது ஐ அக்ரீ பிகாஸ், ஐ டிஸ்அக்ரீ பிகாஸ் என்ற இரண்டு தொடக்கம் மட்டும் போர்டில் இருந்தது, அதைப் பிடித்துக்கொண்டு எல்லாரும் ஏதாவது எழுதிவிட்டார்கள்.

வாட்ஸ்அப்பையும் விடாதீர்கள். யுனெஸ்கோ நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்தது என்று அறிவித்ததாக ஒரு செய்தி வருஷக்கணக்காகச் சுற்றுகிறதே, அது பொய், யுனெஸ்கோ அப்படி அறிவிக்கவே இல்லை. இங்கிலீஷில் மூன்றே வரி, பெருமையாக இருக்கும், அதனால் எல்லாரும் அனுப்புவார்கள். அதைப் போர்டில் எழுதிப் போட்டு யார் சொன்னது, எந்தத் தேதியில், எங்கே போய்ப் பார்க்கலாம் என்று கேட்டால் ஒரு வகுப்பு போவதே தெரியாது. பிள்ளைகள் பொய்யைக் கண்டுபிடிப்பதில் ருசி கண்டுவிட்டால் அப்புறம் உங்கள் பாடத்தையும் சோதிப்பார்கள், அதற்குத் தயாராக இருந்துகொள்ளுங்கள்.

---

தாராபுரத்தான்

சென்னிமலைக்காரர் சொன்னது அருமை, ஆனால் தம்பி, நீங்கள் ஊருக்குப் புதுசு என்றால் வாய்க்காலில் ஆரம்பிக்க வேண்டாம். சாதி, கட்சி இரண்டும் எந்தப் பேச்சில் ஒளிந்திருக்கிறது என்பது உள்ளூர்க்காரனுக்குத்தான் தெரியும். பள்ளிக்குச் செல்போன் கொண்டுவரலாமா என்கிற மாதிரி ஒன்றில் கையைப் பழக்கிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று விட்டுப்போனது. 1984-இல் பாலின்சார், ஆன் பிரவுன் என்ற இருவர் செய்த வேலை உங்கள் கடகட கோஷ்டிக்கு என்றே செய்த மாதிரி இருக்கும், ஏழாம் வகுப்பில், சரளமாக வாசித்தும் புரியாத பிள்ளைகளோடுதான் செய்தார்கள். ஒரு பத்தி வாசித்ததும் பிள்ளைகளில் ஒருவரே வாத்தியாராகி, அதைச் சுருக்கிச் சொல்லணும், ஒரு கேள்வி கேட்கணும், புரியாத இடத்தைக் காட்டணும், அடுத்து என்ன வரும் என்று ஊகிக்கணும். முதலில் நீங்கள் செய்து காட்டி, அப்புறம் முறை மாற்றி விடுங்கள். நாலு பேர் குழுவுக்கு நன்றாக வரும். வகுப்பு கொஞ்சம் சந்தைக்கடை மாதிரி இருக்கும், பக்கத்து வகுப்பு டீச்சரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

---

மஞ்சக்காட்டு வாத்தியார்

சரிங்க ஐயா, செல்போனிலேயே ஆரம்பிக்கிறேன். கடைசியாக ஒன்று, தாங்களாக வாசிக்க இங்கிலீஷில் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு எதைக் கொடுப்பது? தமிழில் அரசின் வாசிப்பு இயக்கத்துக் குட்டிப் புத்தகங்களை முதல் நிலையான 'நுழை'யிலிருந்து கடைசி நிலையான 'பற' வரைக்கும் வாசித்து முடித்துவிட்டார்கள், பள்ளிக்கு வருகிற தேன்சிட்டு இதழ் வந்தால் அடித்துப் பிடித்து வாங்குகிறார்கள், ஆனால் இங்கிலீஷில் நூலகத்தில் இருப்பது எல்லாம் கனமான புத்தகம்.

---

நொய்யல்கரை

பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் இலவசமாக எடுக்கலாம் சார், நாலு நிலை வைத்திருக்கிறார்கள். வகுப்பு ஏழு என்று பார்த்து நாலாவது நிலையை எடுக்காதீர்கள், இரண்டில் தொடங்குங்கள், சின்னப் பிள்ளைக் கதை என்று கூச்சப்படுகிறவர்களிடம் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டத்தான் என்று சொல்லிவிடுங்கள், நிஜமாகவே வாசித்துக் காட்டவும் அனுப்புங்கள். நிறையக் கதைகள் தமிழிலும் இருக்கும், இந்திப் பிள்ளைகளுக்கு இந்தியிலும் கிடைக்கும். கறுப்பு வெள்ளையில் பிரிண்ட் எடுத்தால் போதும், படத்துக்கு அவர்களே வண்ணம் தீட்டிக்கொள்வார்கள். ஸ்டேப்ளர் பின் மட்டும் பெரிய சைஸ் வாங்குங்கள், சின்னது ரெண்டே நாளில் கழன்றுவிடும்.